வாக்குத்தத்த வசனமும் விரியன் கடியும்: விசுவாசக் குடும்பங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை

மாற்கு 16-ஆம் அதிகாரத்தையும் 91-ஆம் சங்கீதத்தையும் மனப்பாடமாகச் சொல்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வசனங்களை நானும் நம்புகிறவள்தான், இன்றைக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மாந்தோப்பிலும் கடலைக் காட்டிலும் ராகிக் கொல்லையிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பாம்பு புதிதல்ல. ஆனால் பாம்பு கடித்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், வசனத்தை எப்படிப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. முன்னமே யாராவது சொல்லியிருந்தால் என் மாமியாரின் சிறுநீரகம் அந்தப் பாடு பட்டிருக்காது, வீட்டு நகையும் அடகுக்குப் போயிருக்காது.

எங்கள் தோப்பு பர்கூர் பக்கம். பெங்களூரா மாங்காய் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். பொழுது சாய்கிற நேரத்தில் சருகுக்குள் விழுந்து கிடந்த காயைப் பொறுக்கப்போன அத்தைக்கு வலது புறங்காலில் கடித்தது. தடித்த உடம்பு, முதுகில் மூன்று வரிசையாகக் கரும்பழுப்பு வட்டங்கள், குக்கர் விசில் விட்ட மாதிரி ஒரு சீறல். கண்ணாடி விரியன். என் கணவர் பெங்களூரில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான். சத்தம் கேட்டுச் சபையார் ஓடி வந்தார்கள். அன்பாகத்தான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது: “பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது.” ஒருவர் அதைக் கழற்றி அத்தையின் நெஞ்சின் மேல் வைத்தார். “இந்த வருஷ வசனமே இதுதானேம்மா. இப்ப ஊசிக்கு ஓடினா வசனத்தை நாமளே பொய்யாக்கின மாதிரி ஆயிடும்” என்றார். அத்தையும் தலையாட்டிவிட்டார். பெரியவர்கள் எல்லாரும் ஒருமனமாய் நிற்கிறபோது புதிதாய் வந்த மருமகள் பேச்சு எடுபடவில்லை. முழங்கால் வரை வீங்கி, எச்சில் துப்பியபோது ஈறிலிருந்து ரத்தமும் வந்த பிறகுதான் கொழுந்தனார் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

அந்த இரண்டு மணி நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு சபையாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி விரியன் விஷம் ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களைத் தின்று தீர்க்கிறது. ஈறு, சிறுநீர், ஊசி குத்திய இடம் என்று எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் கசியும், சிறுநீரகமும் சேர்ந்து அடிபடும். விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற விஷத்தைப் பிடித்து முடக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்தை அது திருப்பித் தராது. தாமதத்துக்கு விலை இவ்வளவு கூடுதல் என்பதற்குக் காரணம் இதுதான். நல்ல பாம்பும் கட்டு விரியனும் வேறு மாதிரி. அவற்றின் விஷம் நரம்பைப் பிடிக்கும்: முதலில் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். கட்டு விரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரைக் கடிக்கும். பல்தடம் தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணைத் திறக்க முடியாமல், பேச முடியாமல் ஒருவர் கிடந்தால் ஆவி பிடித்திருக்கிறது என்று சுற்றி நின்று துரத்த ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும், நாம் பேசுவது எல்லாம் காதில் விழும், மூச்சு மட்டும் குறைந்துகொண்டே போகும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து உடனே வண்டி ஏற்றுங்கள். எச்சில் மூச்சுக்குழலுக்குள் போகாமல் இருக்க அந்தச் சாய்வு வேண்டும்.

“எங்க ஊர்ல ஒருத்தருக்கு ஜெபத்துலயே விஷம் இறங்கிருச்சு” என்று எல்லாச் சபையிலும் ஒரு சாட்சி இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. நம் காட்டில் கடிக்கிற பாம்புகளில் பல விஷமில்லாதவை: சாரை, தண்ணீர்ப்பாம்பு போன்றவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் பல் மட்டும் பதியும், விஷம் இறங்காது. அப்படிப்பட்டவருக்கு ஜெபித்தாலும் பிழைப்பார், வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார், விஷக்கல் வைத்தாலும் பிழைப்பார். ஆகையால் அந்தச் சாட்சியை வைத்து வசனம் நேரடியாகப் பலித்தது என்று நிரூபித்தால், அதே நியாயத்தில் மந்திரிக்கிறவரின் மந்திரமும் பலித்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டி வரும். கடித்த நிமிஷத்தில் எது விஷக்கடி, எது வெறுங்கடி என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. அறிகுறி ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது அதனால்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் விசுவாசிகளும் இருந்திருப்பார்கள், ஜெபிக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

இனி வசனத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் அழுதேன், அதிகம் படித்தேன். “சிங்கத்தின்மேலும் விரியன்பாம்பின்மேலும் நீ நடந்து” என்று 91-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது, உண்மை. அந்தச் சங்கீதத்தை அப்படியே எழுத்தின்படி எடுத்து, இதோ வசனம் இருக்கிறது, குதி என்று சொன்னவன் யார் என்று மத்தேயு 4-இல் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்கள் உன்னை ஏந்திக்கொள்வார்கள் என்று அதே 91-ஆம் சங்கீதத்தைச் சொன்னவன் பிசாசு. இயேசு அந்தச் சங்கீதம் பொய் என்று சொல்லவில்லை. “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக” என்று உபாகமத்திலிருந்து பதில் சொல்லிவிட்டு, குதிக்காமல் நின்றார். வசனத்தை நம்புகிறவர் அதைச் சோதித்துப் பார்க்கக் குதிக்க மாட்டார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதே சங்கீதத்தின் 15-ஆம் வசனம் “ஆபத்தில் நானே அவனோடிருந்து” என்கிறது. ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் கூட இருப்பேன் என்று கர்த்தர் ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் அட்டையில் 10-ஆம் வசனம் மட்டும்தான் அச்சாகியிருந்தது, 15-ஆம் வசனம் இல்லை. ஒற்றை வசனத்தைக் கத்தரித்து அட்டையில் போட்டுக் கையில் கொடுக்கிற பழக்கத்தைச் சபைகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முழு அதிகாரத்தையும் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

லூக்கா 21-ஐப் படித்தபோது எனக்கு இன்னும் தெளிவானது. 16-ஆம் வசனத்தில் “உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள்” என்கிறார் இயேசு. இரண்டே வசனம் தள்ளி, “ஆனாலும் உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது” என்கிறார். கொலையும் நடக்கும், தலைமயிரும் அழியாது. உடம்புக்குக் கீறல் விழாது என்று இதற்கு அர்த்தம் பண்ணவே முடியாது. அழியாமல் காக்கப்படுவது அதைவிடப் பெரிய ஒன்று. லூக்கா 10:19-இல் சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க அதிகாரம் கொடுத்தவர், அடுத்த வசனத்திலேயே அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று சொல்லிவிடுகிறார்.

“சர்ப்பங்களை எடுப்பார்கள்; சாவுக்கேதுவான யாதொன்றைக் குடித்தாலும் அது அவர்களைச் சேதப்படுத்தாது” என்கிற மாற்கு 16:18-ஐ எழுத்தின்படியே செய்துபார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்னசியில் ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி என்ற பிரசங்கியார் 1910 வாக்கில் ஆராதனையில் விஷப்பாம்பைக் கையில் எடுக்கும் வழக்கத்தைப் பரப்பினார். 1955-இல் புளோரிடாவில் பாம்பு கடித்தே இறந்தார். கென்டக்கியில் அதே வழக்கத்தைப் பின்பற்றிய ஜேமி கூட்ஸ் என்ற போதகர் 2014-இல் கடிபட்டு, சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி இறந்தார். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? மாற்கு 16-இன் 9 முதல் 20 வரையான வசனங்கள் 4-ஆம் நூற்றாண்டின் மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஆபத்து நேரத்தில் அதை எடுத்து வாதாட வேண்டாம். வேதத்தையே மறுக்கிறாய் என்று பேச்சு திசைமாறிவிடும். அந்த வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டாலும் அதில் போய் எடு, போய்க் குடி என்கிற கட்டளை கிடையாது. மெலித்தா தீவில் பாம்பு கையைக் கவ்வியும் சேதமில்லாமல் தப்பிய பவுல் பாம்பைத் தேடிப் போகவில்லை, விறகு பொறுக்கினார். அதே பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாக எழுதினார். தன் மாம்சத்தில் முள்ளாய் இருந்த வேதனையை மூன்று தரம் ஜெபித்தும் நீங்காமலே சுமந்தார். வைத்தியனான லூக்காவைப் பிரியமானவன் என்றார். அற்புதம் கர்த்தருடைய கையில் இருக்கிறது. நாள் குறித்து வரவழைக்க நம் கையில் இல்லை.

வழியில் முதலில் கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனைக்குள் வேனை விட்டோம். முன்பணம் 20,000 கட்டச் சொன்னார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இன்னொரு 18,000 போனது. ராத்திரி வெகுநேரம் கழித்து, எங்களிடம் டயாலிசிஸ் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். அந்த நேரத்தில் வந்த கோபமும் கையாலாகாத்தனமும் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. ஆகவே போவதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: ஏ.எஸ்.வி. எத்தனை பாட்டில் இருப்பு இருக்கிறது, வென்டிலேட்டர் இருக்கிறதா, டயாலிசிஸ் இருக்கிறதா. அரசு மருத்துவமனையில் ஏ.எஸ்.வி.யும் டயாலிசிஸும் காசில்லாமல் கிடைக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அஞ்செட்டி, சித்தேரி மாதிரி தூரத்து மலைப் பக்கத்துக்காரர்கள் நேரே பெரிய ஊருக்கு ஓடுவதைவிட, மருந்து இருக்கிற பக்கத்து அரசு மருத்துவமனையில் முதல் சுற்றை ஏற்றிக்கொண்டு அப்புறம் 108-இல் மேலே போவது மேல். 108-க்குப் பேசும்போது முதல் வார்த்தையாகப் பாம்புக்கடி என்று சொல்லுங்கள். தெருப் பெயரைவிட, வண்டி வந்து நிற்கக்கூடிய கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று அடையாளம் சொல்லுங்கள்.

வண்டி வருகிற வரைக்கும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். அத்தையின் மெட்டியை அப்புறம் வெட்டித்தான் எடுத்தார்கள். காலை நேராக நீட்டி, ஒரு கட்டையோ பிளாஸ்டிக் குழாயோ பக்கத்தில் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், அசையாமல் இருந்தால் போதும். கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது ஒன்றும் கூடாது. யாராவது ஏற்கெனவே இறுக்கக் கட்டியிருந்தால் வீட்டில் சட்டென்று அவிழ்க்காதீர்கள், டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும். சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் ஒரேயடியாக உள்ளே போகும். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

ஜெபத்தை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். வண்டிக்குள் வையுங்கள். யாக்கோபு 5:14 மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. வைத்தியரிடம் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. பாஸ்டர் ஐயா வண்டியில் ஏறி வரட்டும், அல்லது ஆஸ்பத்திரி வாசலுக்கு வரட்டும். எண்ணெயை நெற்றியில் பூசலாம், கடிவாயில் பூசித் தேய்க்கக் கூடாது. உபவாசம் இருப்பவர்கள் இருக்கட்டும், நோயாளியோடு துணைக்கு நிற்கிறவர் சாப்பிட வேண்டும். தெம்பாக ஓடியாட ஒரு ஆள் வேண்டும் அங்கே.

அரசு மருத்துவமனையில் செய்த முதல் பரிசோதனை எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் மேசையில் 20 நிமிஷம் வைத்தார் நர்ஸ். பிறகு மெல்லச் சாய்த்தார். கட்டியாகி நிற்க வேண்டிய ரத்தம் கலங்கின தண்ணீராய் விளிம்பு வரை ஓடி வந்தது. உடனே 10 பாட்டில் ஏ.எஸ்.வி.யைச் சலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏற்றினார்கள். 6 மணி நேரம் கழித்து அதே குழாய்ப் பரிசோதனை. அப்போதும் உறையாததால் மறுபடி 10. குழந்தைக்கும் இதே அளவுதான் கொடுப்பார்கள், பிள்ளைக்கு ஏன் இவ்வளவு என்று சண்டை போடாதீர்கள். மருந்து ஏறும்போது அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், வாந்தி வரலாம். அத்தைக்கும் வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் இதைப் பார்த்து, ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். அப்படிச் செய்யாதீர்கள். சொட்டை நிறுத்திவிட்டு அட்ரினலின் ஊசி போட்டுச் சரியானதும் மீண்டும் தொடங்குவார்கள். துணைக்கு இருப்பவர் மறக்காமல் செய்ய வேண்டியது சிறுநீர் எவ்வளவு, என்ன நிறம் என்று பார்த்து நர்ஸிடம் சொல்வது. அத்தைக்கு இரண்டாம் நாள் சிறுநீர் குறைந்து, டீத்தண்ணி நிறத்துக்கு மாறியது. டயாலிசிஸ் தொடங்கினார்கள். அது பல தரம் நடந்து, சிறுநீரகம் மெல்ல மெல்லத் திரும்பியது.

சிகிச்சைக்குக் காசில்லை என்றாலும் செலவு நிற்கவில்லை. வாடகை வண்டி, துணைக்கு இருந்தவர்கள் சாப்பாடு, தனியாரில் போன 38,000, என் கணவருக்குப் போன சம்பளம், ஆள் இல்லாததால் வந்த விலைக்குத் தள்ளிவிட்ட காய். 60,000 ரூபாய்க்கு நகையை அடகு வைத்தோம். மருத்துவமனையில் சேர்க்கும்போதே பாம்புக்கடி என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கி வையுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டம் வங்கிக் கணக்கில் இருந்தால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். பாம்புக்கடி என்றால் உடனே மருத்துவமனையில் பதிந்த சான்று கேட்பார்கள். வீட்டிலேயே ஜெபித்துக்கொண்டிருந்து இறந்தவரின் பிள்ளைகள் கையில் அந்தச் சான்றும் இருக்காது.

உடம்பு வலியைவிட அத்தையை நோகடித்தது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களின் பேச்சு. “என்ன பாவம் மறைஞ்சிருக்குதோ, அறிக்கை பண்ணிடுங்கக்கா” என்று ஒரு சகோதரி சொன்னார். அப்போஸ்தலர் 28-ஐத் திறந்து பாருங்கள். பவுல் கையைப் பாம்பு கவ்வியதும், இவன் கொலைபாதகன்தான், பழி இவனைப் பிழைக்க விடவில்லை என்று சொன்னவர்கள் யார்? கிறிஸ்துவை அறியாத தீவார். கடிபட்டவர் மேல் பாவப் பழி போடுகிற விசுவாசி, பவுலின் பக்கத்தில் நிற்கவில்லை, அந்தத் தீவார் பக்கத்தில் நிற்கிறார். இதை அத்தைக்கு நான் படித்துக் காட்டினேன். அன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

“அடைப்பைப் பிடுங்குகிறவனைப் பாம்பு கடிக்கும்” என்று பிரசங்கி 10:8 சொல்கிறது. அதையும் வாக்குத்தத்தத்துக்கு ஒப்பாய் எடுத்துக்கொள்ளலாம். சருகையும் விறகையும் கையால் அள்ளாமல் முதலில் கோலால் தட்டுங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ராத்திரிக்கு டார்ச், தரையில் படுப்பவர்களுக்குப் பாயைச் சுற்றிச் செருகிய கொசுவலை. கொசுவலைக்குள் படுப்பது கட்டு விரியன் கடியைப் பெருமளவு தடுக்கும். எங்கள் சபையில் இப்போது ராத்திரி வண்டி எடுக்கக்கூடிய மூன்று பேர் எண்ணைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறோம். பாஸ்டர் ஐயாவே மேடையிலிருந்து, பாம்புக்கடி என்றால் எனக்கு முன்னால் 108-க்குப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். மேய்ப்பர் வாயிலிருந்து முன்கூட்டியே அது வந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் எந்த மருமகளும் பெரியவர்களை எதிர்த்துப் பேச வேண்டிய நிலை வராது.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். ஏ.எஸ்.வி. ஏறி ஒன்று இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் அது மருந்தின் பின்விளைவாக இருக்கலாம், மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகம் அடிபட்டவருக்கு, அது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவை டாக்டர் சொன்ன தேதிகளில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் வலிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரையையோ, ஊரில் தருகிற பச்சிலை மருந்தையோ கொடுக்காதீர்கள். தேறி வருகிற சிறுநீரகத்தை அவை மறுபடி படுக்கவைத்துவிடும்.